மின்னோட்டம் தீர்ந்துபோவதில்லை என்றால் மின்விளக்கு எதைச் செலவழிக்கிறது?

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டத்தை விளக்கு எடுத்துக்கொண்டு எரிகிறது என்றால், விளக்குக்கு முன்னும் பின்னும் வைத்த அம்மீட்டர்கள் ஏன் ஒரே அளவைக் காட்டுகின்றன? இரண்டு விளக்குகளைத் தொடரிணைப்பில் சேர்த்தால் இரண்டும் மங்குகின்றன, பக்க இணைப்பில் சேர்த்தால் மங்குவதில்லை, அது எதனால்? சூத்திரங்கள் மனப்பாடமாக இருந்தும் எதை எந்த இடத்தில் போடுவது என்று தெரியவில்லை என்பது அவருடைய மூன்றாவது குறை.

மூன்று கேள்விகளும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. மின்னோட்டம் என்பது மின்கலத்தின் நேர்முனையில் கிளம்பி, வழியில் எதிர்ப்படும் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தித்து, ஒவ்வொன்றுக்கும் தன்னில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, எதிர்முனைக்கு மெலிந்து வந்து சேர்கிறது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். படத்தை இடமிருந்து வலமாகப் படிக்கும் பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. உண்மையில் மின்சுற்று முழுவதும் ஒரே நேரத்தில் இயங்குகிறது. கடைசியில் இருக்கும் ஒரு மின்தடையை மாற்றினால், மின்கலத்தை ஒட்டியிருக்கும் முதல் கம்பியில் ஓடும் மின்னோட்டமும் மாறிவிடுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடம் பெரும்பாலும் கணக்குதான்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு தாமிரக் கம்பியில் எந்த மின்கலத்தோடும் இணைக்காத நிலையிலேயே கட்டற்ற எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு கன மீட்டர் தாமிரத்தில் ஏறத்தாழ 8.5 × 10²⁸. மின்கலம் எலக்ட்ரான்களை உற்பத்தி செய்து அனுப்புவதில்லை, ஏற்கெனவே அங்கிருப்பவற்றை நகர்த்துகிறது. ஒரு குறுக்குவெட்டை நொடிக்கு 1 கூலூம் மின்னூட்டம், அதாவது சுமார் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்களின் மின்னூட்டம், கடந்தால் அதை 1 ஆம்பியர் மின்னோட்டம் என்கிறோம். எண் பெரிதாக இருப்பதால் எலக்ட்ரான்கள் மிக விரைவாக ஓடுகின்றன என்று நினைக்கத் தோன்றும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அவற்றின் சராசரி நகர்வு வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான்; ஒரு மீட்டரைக் கடக்க நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆயினும் சுவிட்சைப் போட்ட கணமே விளக்கு எரிகிறது. காரணம், கம்பி நெடுகிலும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் நிலைபெற்று, எல்லா இடத்திலும் உள்ள எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒருசேர நகரவைக்கிறது. சைக்கிள் சங்கிலியை எண்ணிப் பாருங்கள்: மிதியை அழுத்தியதும் சங்கிலி முழுவதும் ஒன்றாக நகர்கிறது, பின்சக்கரம் உடனே சுழல்கிறது, அதற்காகச் சங்கிலியின் கண்ணிகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை. காலிலிருந்து சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஆற்றல் மட்டுமே.

அம்மீட்டர் கேள்விக்கான விடை இதிலேயே இருக்கிறது. விளக்குக்குள் நுழையும் மின்னூட்டம் முழுவதும் வெளியேறியாக வேண்டும். இல்லையென்றால் விளக்குக்குள் மின்னூட்டம் நொடிக்கு நொடி சேர்ந்துகொண்டே போகும். கிளைகள் இல்லாத சுற்றில் எந்த இடத்தில் அம்மீட்டரை வைத்தாலும் அளவு ஒன்றாக இருப்பது இதனால்தான்.

திசை பற்றி ஒரு சிறு குறிப்பு. நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு மின்னோட்டம் பாய்வதாகப் படங்களில் அம்புக்குறி இடுகிறோம். அமெரிக்க அறிவியலாளர் பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், நேர், எதிர் என்ற பெயர்கள் சூட்டப்பட்டபோது எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாது, ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897-இல். உலோகத்தில் எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் நகர்கின்றன என்பது தெரிந்த பிறகும் பழைய வழக்கத்தை மாற்றவில்லை. கணக்கின் விடை எதுவும் இதனால் மாறுவதில்லை.

அப்படியானால் விளக்கு எதைச் செலவழிக்கிறது? ஆற்றலை. இதை அளப்பதற்கான கருத்துதான் மின்னழுத்த வேறுபாடு. 6 வோல்ட் மின்கல அடுக்கு என்றால், அதன் வழியே கடந்துபோகும் ஒவ்வொரு கூலூம் மின்னூட்டத்துக்கும் 6 ஜூல் ஆற்றலை அது அளிக்கிறது என்று பொருள். அந்த 6 ஜூலும் வெளிச்சுற்றில் விளக்கு, மின்தடை, கம்பி ஆகியவற்றில் வெப்பமாகவோ ஒளியாகவோ மாறி முடிகிறது. மின்னோட்டம் என்பது ஒரு கருவியின் ஊடாகப் பாய்வது. மின்னழுத்த வேறுபாடு என்பது இரு புள்ளிகளுக்கு இடையே இருப்பது. ஆகவே 'இந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட்?' என்ற கேள்வி, எந்தப் புள்ளியோடு ஒப்பிட்டு என்பதையும் சொன்னால்தான் முழுமையாகும். அதேபோல, மின்னோட்டம் இல்லாமலும் மின்னழுத்த வேறுபாடு இருக்கலாம். ஒரு விளக்கும் சுவிட்சும் மட்டும் உள்ள 6 வோல்ட் சுற்றில் சுவிட்சைத் திறந்துவிட்டு, அதாவது அணைத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கிடையே வோல்ட்மீட்டரை வைத்தால் 6 வோல்ட் காட்டும். எரியாத விளக்கின் இரு முனைகளுக்கிடையே வைத்தால் பூச்சியம் காட்டும். இதை மாணவர்கள் நேர்மாறாக ஊகிப்பதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். மின்னோட்டம் இல்லாதபோது விளக்கில் ஆற்றல் எதுவும் செலவாவதில்லை என்பதால் விளக்கின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. வேறுபாடு முழுவதும் அந்தத் திறந்த இடைவெளியில் வந்து நிற்கிறது. பழுது பார்ப்பவர்கள் அறுந்த இணைப்பைக் கண்டுபிடிப்பதும் இந்த வழியில்தான்.

மின்னோட்டத்தையும் மின்னழுத்த வேறுபாட்டையும் இணைப்பது மின்தடை. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம், தம் ஆய்வின் முடிவுகளை 1827-இல் நூலாக வெளியிட்டார். வெப்பநிலை மாறாதிருக்கும் உலோகக் கடத்தியில், மின்னழுத்த வேறுபாட்டை இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாத எண், அதுவே மின்தடை. இத்தாலியரான வோல்ட்டா 1800-இல் அறிவித்த மின்கல அடுக்கிலிருந்து வளர்ந்த அக்கால மின்கலங்கள், மின்னோட்டம் எடுக்க எடுக்க அழுத்தம் தளர்ந்து ஓமின் அளவீடுகளைக் குழப்பின; இரு உலோகச் சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் இயங்கும் வெப்ப மின்னிரட்டையை மூலமாகக் கொண்ட பிறகே அவருக்கு நிலையான அளவுகள் கிடைத்தன. ஒரு கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதத்திலும் குறுக்குப் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள தாமிரக் கம்பிக்கு அது ஏறத்தாழ 0.017 ஓம், அதே அளவுள்ள நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகக் கலவை) கம்பிக்கு 1 ஓமைச் சற்றுத் தாண்டும். சூடேற்றும் சுருளுக்கு நிக்ரோமும் இணைப்புக் கம்பிக்குத் தாமிரமும் பயன்படுவதற்கும், பாடநூல் படங்களில் இணைப்புக் கம்பிகளுக்கு மின்தடையே இல்லை என்று வைத்துக்கொள்வதற்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

ஓம் விதி எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் இயற்கை விதி அன்று. ஒரு சிவப்பு எல்.இ.டி.யில் ஏறத்தாழ 2 வோல்ட்டை எட்டும்வரை மின்னோட்டம் மிகச் சொற்பம். அதைத் தாண்டினால் மிக வேகமாக ஏறும். ஆகவே அதை 6 வோல்ட்டுடன் நேரடியாக இணைத்தால் கருகிவிடும். 20 மில்லி ஆம்பியர் போதும் என்றால், மீதி 4 வோல்ட்டைத் தாங்கத் தொடரில் ஒரு மின்தடையாக்கி வேண்டும், 4-ஐ 0.02-ஆல் வகுத்தால் 200 ஓம். இங்கே ஓம் விதியை எல்.இ.டி.க்குப் பயன்படுத்தாமல், மின்தடையாக்கிக்கு மட்டுமே பயன்படுத்தியிருப்பதைக் கவனியுங்கள்.

இனி இரண்டாம் கேள்வி. மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தருகிறது, விளக்குகள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். மின்கலம் ஏறக்குறைய மாறாமல் வைத்திருப்பது மின்னழுத்த வேறுபாட்டை. எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதை அதனுடன் இணைந்திருக்கும் சுற்றே தீர்மானிக்கிறது. 6 வோல்ட் அடுக்குடன் 12 ஓம் மின்தடையுள்ள ஒரு விளக்கு இருந்தால் மின்னோட்டம் 0.5 ஆம்பியர், திறன், அதாவது நொடிக்குச் செலவாகும் ஆற்றல், 3 வாட். இன்னொரு 12 ஓம் விளக்கைத் தொடரில் சேர்த்தால் மொத்த மின்தடை 24 ஓம், மின்னோட்டம் 0.25 ஆம்பியர், ஒவ்வொரு விளக்குக்கும் 3 வோல்ட் கிடைக்கிறது, திறன் தலா 0.75 வாட். விளக்குகள் இரண்டானபின் மின்கலத்திலிருந்து எடுக்கப்படும் மொத்தத் திறன் 3 வாட்டிலிருந்து 1.5 வாட்டாகக் குறைந்திருக்கிறது. பங்கிட்டுக்கொண்டதாக இருந்தால் தலா 1.5 வாட் வந்திருக்க வேண்டும்; அதனினும் பாதிதான் வந்திருக்கிறது. பக்க இணைப்பிலோ இரு விளக்குகளின் முனைகளும் அடுக்கின் முனைகளோடு நேராகச் சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முழு 6 வோல்ட், ஒவ்வொன்றிலும் 0.5 ஆம்பியர், மின்கலத்திலிருந்து மொத்தம் 1 ஆம்பியர், 6 வாட். விளக்குகள் மங்குவதில்லை; ஆனால் மின்கலம் இரு மடங்கு விரைவாகத் தீர்கிறது. பக்க இணைப்பில் புதிய மின்தடையைச் சேர்த்தும் மொத்த மின்தடை குறைவது பலருக்கு முரணாகப் படுகிறது. மின்னூட்டம் செல்ல இன்னொரு பாதை திறக்கும்போது அதே மின்னழுத்தத்தில் கூடுதல் மின்னோட்டம் ஓடுகிறது. விகிதம் குறைகிறது என்பதற்கு அதற்கு மேல் பொருளில்லை.

எந்தச் சூத்திரத்தை எங்கே போடுவது என்ற குழப்பத்துக்கு, ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் 1845-இல் மாணவராக இருந்தபோதே வகுத்த இரு விதிகளே போதுமான மருந்து. ஒரு சந்திக்கு வந்துசேரும் மின்னோட்டங்களின் கூடுதல், அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டங்களின் கூடுதலுக்குச் சமம். ஒரு மூடிய வளையத்தை ஒரு முறை சுற்றி வந்தால், மின்னழுத்த ஏற்றங்களும் இறக்கங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். முதலாவது மின்னூட்டம் அழியாமையிலிருந்தும் இரண்டாவது ஆற்றல் அழியாமையிலிருந்தும் வருகின்றன. தொடரிணைப்பு, பக்க இணைப்புச் சூத்திரங்கள் இவ்விரண்டின் சுருக்கங்களே.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து பார்ப்போம். 12 வோல்ட் அடுக்கு. அதற்குத் தொடரில் 4 ஓம். அதன்பின் 6 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பில். 6-க்கும் 12-க்கும் சேர்ந்த தொகுபயன் மின்தடை, பெருக்கற்பலனாகிய 72-ஐக் கூடுதலாகிய 18-ஆல் வகுக்க, 4 ஓம். முன்னுள்ள 4 ஓமுடன் சேர்த்து மொத்தம் 8 ஓம். மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் 1.5 ஆம்பியர். முதல் மின்தடையில் 1.5-ஐ 4-ஆல் பெருக்க 6 வோல்ட் இறங்குகிறது. மீதி 6 வோல்ட் பக்க இணைப்புக்கு. ஆகவே 6 ஓமில் 1 ஆம்பியர், 12 ஓமில் 0.5 ஆம்பியர், கூட்டினால் 1.5, சந்தி விதி நிறைவேறுகிறது. திறனையும் சரிபார்க்கலாம்: மின்கலம் தருவது 12 பெருக்கல் 1.5, அதாவது 18 வாட், மின்தடைகளில் முறையே 9, 6, 3 வாட், கூடுதல் 18. தேர்வில் நேரம் இருந்தால் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது, எங்காவது கைதவறியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

இப்போது 12 ஓம் கிளையை மட்டும் கழற்றிவிடுவோம். 6 ஓம் மின்தடையை நாம் தொடவே இல்லை. அதன் மின்னோட்டம் 1 ஆம்பியராகவே இருக்குமா? மொத்த மின்தடை 10 ஓம் ஆகிறது, மின்னோட்டம் 1.2 ஆம்பியர், முதல் மின்தடையில் இறங்குவது 4.8 வோல்ட், 6 ஓமுக்குக் கிடைப்பது 7.2 வோல்ட். மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் 1.5-லிருந்து 1.2-ஆகக் குறைந்தது, 6 ஓம் வழியே ஓடுவதோ 1-லிருந்து 1.2-ஆகக் கூடியது. முதல் மின்தடைக்குப் 'பின்னால்' வரும் ஒரு கிளையை எடுத்தது அந்த முதல் மின்தடையின் அழுத்தத்தையே மாற்றிவிட்டது. மின்னோட்டத்தை ஒரு பயணியாகக் கற்பனை செய்பவருக்கு இந்த விடை எட்டாது. போகும் வழியில் இனி என்ன காத்திருக்கிறது என்பது பயணிக்கு எப்படித் தெரியும்? சுவிட்சைப் போட்ட மிகச் சிறு நேரத்திலேயே கம்பிகளின் மேற்பரப்பில் மின்னூட்டங்கள் தம்மைச் சரிப்படுத்திக்கொண்டு, சுற்று முழுவதும் பொருந்துகிற ஒரு நிலையை அடைந்துவிடுகின்றன. நாம் கணக்கிடுவது அந்தப் பொருந்திய நிலையைத்தான்.

படம் சிக்கலாக இருந்தால், எது தொடர், எது பக்கம் என்று கண்ணால் தீர்மானிக்க முயலாதீர்கள். வெறும் கம்பியால் இணைந்த புள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தைக் கொடுங்கள். ஒரு கருவியைக் கடந்தால் மட்டும் எழுத்தை மாற்றுங்கள். இரு மின்தடைகளின் முனைகளிலும் அ, ஆ என்று ஒரே சோடி எழுத்துகள் வந்தால், படத்தில் அவை எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பக்க இணைப்பில் உள்ளன. ஒரு மின்தடையின் இரு முனைகளிலும் ஒரே எழுத்து வந்தால் அது குறுக்குச் சுற்றாகிவிட்டது. அதன் குறுக்கே அழுத்த வேறுபாடு இல்லை, மின்னோட்டமும் இல்லை, கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

திறனைப் பற்றி ஒரு பொறி இருக்கிறது. மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினாலும் திறன் வரும், மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தாலும் திறன் வரும். அப்படியானால் மின்தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா? எது பொதுவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடரில் மின்னோட்டம் பொது, ஆகவே மின்தடை அதிகமுள்ளது அதிகம் சூடாகும். பக்க இணைப்பில் அழுத்தம் பொது, ஆகவே மின்தடை குறைந்தது அதிகம் சூடாகும். ஒரே மின்னழுத்தத்துக்கென 60 வாட், 100 வாட் என்று குறிக்கப்பட்ட இரண்டு இழை விளக்குகளைத் தொடரில் இணைத்தால் 60 வாட் விளக்குதான் பிரகாசமாக எரியும், ஏனெனில் அதன் மின்தடைதான் அதிகம். விளக்கின் மேல் எழுதியிருப்பது குறித்த மின்னழுத்தம் முழுமையாகக் கிடைத்தால் மட்டுமே உண்மையாகும்.

மின்கலத்தின் அழுத்தம் 'ஏறக்குறைய' மாறாதது என்று மேலே சொன்னேன். மின்கலத்துக்குள்ளும் ஒரு சிறு மின்தடை இருக்கிறது. அதை அக மின்தடை என்கிறோம். மின்னியக்கு விசை, அதாவது மின்னோட்டம் எடுக்காதபோது முனைகளுக்கிடையே உள்ள அழுத்தம், 6 வோல்ட்டும் அக மின்தடை 1 ஓமும் உள்ள அடுக்கில் 12 ஓம் விளக்கு ஒன்றை இணைத்தால் மின்னோட்டம் 6-ஐ 13-ஆல் வகுத்து 0.46 ஆம்பியர், விளக்குக்குக் கிடைப்பது சுமார் 5.5 வோல்ட். இரண்டாவது விளக்கைப் பக்கத்தில் இணைத்தால் மின்னோட்டம் 0.86 ஆம்பியர் ஆகி முனை அழுத்தம் ஏறத்தாழ 5.1 வோல்ட்டாக இறங்கும். ஆகவே பக்க இணைப்பில் விளக்குகள் சற்றும் மங்குவதில்லை என்ற பாடநூல் வாக்கியம் அக மின்தடையற்ற மூலத்துக்கே முழுமையாகப் பொருந்தும். இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் 6 ஆம்பியர் ஓடி, 36 வாட் முழுவதும் மின்கலத்துக்கு உள்ளேயே வெப்பமாகும். அக மின்தடை மிகக் குறைந்த லித்தியம் மின்கலங்களில் இந்த மின்னோட்டம் பல மடங்கு கூடி, தீப்பற்றும் அளவுக்குப் போகலாம். ஃபியூஸ் எனப்படும் உருகு இழையைத் தொடரில் வைப்பது, அளவு மீறிய மின்னோட்டத்தில் அது முதலில் உருகிச் சுற்றைத் துண்டிப்பதற்காக. சோதனைகளைச் சிறு உலர் மின்கலங்களைக் கொண்டு மட்டுமே செய்யுங்கள். சுவரில் உள்ள மின் இணைப்பை இதற்குத் தொடவே கூடாது.

அளவிகளின் இணைப்பும் இதே தர்க்கத்தைப் பின்பற்றுகிறது. அம்மீட்டர் தொடரில் நின்று மின்னோட்டத்தைக் குறைக்காமல் அளக்க வேண்டும் என்பதால் அதன் மின்தடை மிகக் குறைவு. வோல்ட்மீட்டர் பக்கத்தில் நின்று மின்னோட்டத்தைத் தன்பால் இழுக்காமல் அளக்க வேண்டும் என்பதால் அதன் மின்தடை மிக அதிகம். அம்மீட்டரை மின்கலத்தின் குறுக்கே வைத்தால் அது கிட்டத்தட்ட வெறும் கம்பியாகிவிடும். வோல்ட்மீட்டரைத் தொடரில் வைத்தால் விளக்கு எரியாது, மீட்டரோ மின்கலத்தின் முழு அழுத்தத்தையும் காட்டும். திறந்த சுவிட்சில் கண்ட அதே நிலைதான்.

கடைசியாக, ஆய்வகத்தில் இதைச் செய்து பார்ப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு இழை விளக்குகளைத் தொடரில் இணைத்து அளந்தால், மேலே கணக்கிட்ட 0.25 ஆம்பியர் வராது. அதைவிடக் கூடுதலாக வரும். டங்ஸ்டன் இழையின் மின்தடை வெப்பநிலையோடு ஏறுவது. எரியும்போது 12 ஓம் உள்ள இழைக்குக் குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கக்கூடும். தொடரில் மங்கலாக, குறைந்த வெப்பநிலையில் எரியும்போது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கணக்கோடு அளவுகள் பொருந்த வேண்டுமென்றால் விளக்குகளுக்குப் பதில் 12 ஓம் மின்தடையாக்கிகளை இணைத்து அளந்துகொள்ளுங்கள். அவை 3 வாட்டைத் தாங்க வேண்டும் என்பதால் 5 வாட் வகையை வாங்குவது நல்லது, சாதாரணமாகக் கிடைக்கும் கால் வாட் வகை புகைந்துவிடும்.